வீட்டுக்கு ஒரு வார்த்தை: குளியலறையைப் புதுப்பிக்கும் முன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே அதன் ஓர் அறையை இடித்துப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மற்ற இரண்டையும் விடப் பெரிய எச்சரிக்கையாக அதுவே இருந்திருக்கும். அந்த அறை குளியலறையாக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை.

நம் அன்பர்களில் சிலர் அண்மையில் இம்முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். என்னைக் காணும்போது அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எந்த நிறத்தில் டைல்ஸ் போடலாம்?" என்பதாகும். இது தவறான கேள்வியன்று. ஆனால் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. முதலில் கேட்கவேண்டியவை வேறு இரண்டு. இந்த அறையில் குளிக்கப்போகிறவர் யார்? இங்கிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது? இவ்விரண்டுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். எழுதிக்கொள்ளாமல் கடைக்குச் சென்றால், அழகான அறை கிடைக்கலாம். நல்ல அறை கிடைக்கும் என்று சொல்ல இயலாது.

கொல்லையிலிருந்து வீட்டுக்குள்

திருவனந்தபுரத்தில் நம்மவர் நெடுங்காலமாக வாழும் கரமனை, கோட்டை, வலியசாலை ஆகிய பகுதிகளின் பழைய அக்கிரகார வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் சேர்ந்திருக்கும். வீதியிலிருந்து கொல்லை வரை ஒரே நீளம். கிணறு பின்புறம், குளியல் கிணற்றடியில், கழிப்பிடம் அதற்கும் அப்பால், கொல்லைக் கோடியில். தண்ணீர் சிந்தினால் மண் குடித்துக்கொள்ளும், வெயில் உலர்த்திவிடும்.

1933-ஆம் ஆண்டு, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் தாங்கிய குடிநீர்த் திட்டம் தொடங்கிற்று. அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீர் குழாய் வழியே நகருக்குள் வந்தது. 1983-இல் அதே ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணையும் செயலுக்கு வந்தது. குழாய் வீட்டுக்குள் நுழைந்ததும், குளியலறையும் கழிப்பிடமும் அதன் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்தன. இன்று அவை படுக்கையறையின் ஒரு மூலையிலேயே வந்து அமர்ந்துவிட்டன.

இதனால் வசதி மிகுந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கொல்லையில் மண்ணும் வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்துவந்த வேலைகளை இப்போது நாம்தான் திட்டமிட்டுச் செய்யவேண்டும். மண் குடித்த நீருக்கு வாட்டமும் வடிகாலும் வேண்டும். வெயில் உலர்த்தியதைக் காற்றாடி உலர்த்தவேண்டும். குளியலறைத் திட்டம் என்பதன் உட்பொருள் இவ்வளவே.

முதற்கேள்வி: குளிக்கப்போகிறவர் யார்?

என் தாயார் திருநெல்வேலிச் சீமையில் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர். கருங்கல்லில் நின்று குளித்த கால்கள் அவை. எங்களோடு இருக்க இந்நகரம் வந்தபோது, பளபளவென்று மின்னும் குளியலறையை அவருக்குப் பெருமையோடு காட்டினேன். நான்காம் நாள் காலை சோப்பு நீரில் கால் வழுக்கிற்று. கைக்குக் கிடைத்தது துண்டு போடும் கம்பி. அவர் பிடித்த பிடியில் கம்பியும் அதைத் தாங்கிய டைல்ஸும் சுவரிலிருந்து கழன்று அவரோடு சேர்ந்தே விழுந்தன. மணிக்கட்டு முறிவோடு போயிற்று. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் மனம் எனக்கு இருந்திராது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்வாறு இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம், பெற்றோரை முதுமையில் நம்மிடம் அழைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு மருத்துவரைப் பார்த்து வைக்கிறோம். கோயிலுக்குப் போகும் வழியைக் காட்டுகிறோம். ஒரு நாளில் பல முறை அவர்கள் தனியே நுழைந்து தாழிட்டுக்கொள்ளும் அறையை மட்டும் நம் வயதுக்கும் நம் கண்ணுக்கும் ஏற்றபடி அமைக்கிறோம். ஆகவே நான் சொல்லும் விதி ஒன்றே: வீட்டிலேயே மூத்தவர், உடல்நலம் குன்றிய ஒரு நாளில், விளக்கில்லாத நேரத்தில் இவ்வறைக்குள் நுழைகிறார் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள். அவருக்குத் தகுந்த அறை குழந்தைக்கும் தகும். கருவுற்ற பெண்ணுக்கும் தகும். நமக்கும் ஒரு நாள் தகும்.

இவ்விதியிலிருந்து பிறக்கும் சில்லறை விதிகள் வருமாறு.

தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் ஆகாது. சொரசொரப்பான, மங்கலான பரப்பே வேண்டும். பெரிய கற்களைவிடச் சிறிய கற்கள் நல்லவை. இணைப்புக் கோடுகள் மிகுதியாக இருப்பதால் பாதத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். கடையில் டைல்ஸைக் கையால் தடவிப் பார்ப்பது போதாது. ஒரு கல்லைத் தரையில் வைத்து, சோப்பு நீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவின் பின்னே ஒருவர் விழுந்து கிடந்தால், அவருடைய உடலே கதவைத் தடுத்துவிடும். தாழ்ப்பாள் தேவைப்படும்போது வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கதவின் அகலம் குறைந்தது இரண்டரை அடி. சக்கர நாற்காலி நுழையவேண்டுமானால் 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி. வாசலில் தடுக்கும்படியான உயரமான படி வேண்டாம். நீர் வெளியே வராமல் காப்பது தரையின் வாட்டத்தின் வேலை, படியின் வேலையன்று.

மேனாட்டு முறைக் கழிப்புப் பீடத்தின் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்திருக்க எளிது. வீட்டில் இரண்டு கழிப்பறைகள் உண்டென்றால், குந்தியிருக்கும் பழக்கமுள்ளவர்களுக்காக ஒன்றை நம் நாட்டு முறையிலேயே விட்டுவைப்பது மரியாதை.

பீடத்தின் அருகில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று எனக் கைப்பிடிக் கம்பிகள் இரண்டு வேண்டும். தரையிலிருந்து சுமார் 70 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், 4 சென்டிமீட்டர் பருமன், விரல்கள் நுழையச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் இடைவெளி. இவற்றைச் சுவரின் உடம்பில் ஆழப் பொருத்தவேண்டும். டைல்ஸின் மேல்தோலில் அன்று. நம் பகுதியின் பழைய வீடுகள் பல வெட்டுக்கல்லால் கட்டப்பட்டவை. அக்கல்லில் சாதாரணத் திருகாணி உறுதியாக நிற்பதில்லை. ஆதலால், கம்பி வரும் இடத்தில் கல்லைப் பெயர்த்துக் கான்கிரீட் நிரப்பும் வேலையை டைல்ஸ் பதிக்கும் முன்னரே செய்துகொள்ள வேண்டும். துண்டு போடும் கம்பி ஒருபோதும் கைப்பிடியாகாது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மேலே சொல்லிவிட்டேன்.

சுண்ணக்கட்டியால் ஒரு வரைபடம்

ஐந்தடிக்கு எட்டடி இடம் இருந்தால் கழிப்பும் குளியலும் கைகழுவலும் ஓர் அறையில் நெருக்கடியின்றி அடங்கும். அதற்குக் குறைந்த இடமானாலும் முறை ஒன்றே: வாசலருகே கைகழுவும் தொட்டி, அதையடுத்துக் கழிப்புப் பீடம், கோடியில் குளிக்கும் இடம். நனையும் பகுதி கோடியில் ஒதுங்கினால் நடக்கும் பகுதி உலர்ந்து நிற்கும். இடையே ஒரு கண்ணாடித் தடுப்போ, அதற்கு வகையில்லையேல் ஒரு திரைச்சீலையோ போதும். இரண்டு பகுதிகளையும் ஒன்றாக நனைய விடுவதே நம் வீடுகளில் வழுக்கலுக்கு முதற்காரணம்.

தாளில் வரைந்த படம் மேஸ்திரியின் சட்டைப் பையில் நனைந்து போகும். ஒரு நாள் மாலை சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் செல்லுங்கள். பீடம் வரும் இடம், வாளி வைக்கும் இடம், குழாயின் உயரம், கைப்பிடியின் உயரம், ஸ்விட்சின் இடம் ஆகிய அனைத்தையும் தரையிலும் சுவரிலும் உண்மை அளவிலேயே வரையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரை அழைத்து வந்து, நாற்காலியில் உட்காரச் செய்து, எழச் செய்து, கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். கை போகும் இடமே கம்பியின் இடம்.

இந்தச் சுண்ணக்கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்று இந்நகரில் ஒரு வீட்டு வேலை நடக்கும் இடத்தில் மூன்று மொழிகள் ஒலிக்கின்றன. நாம் தமிழில் நினைத்து மலையாளத்தில் சொல்கிறோம். மேஸ்திரி அதை இந்தியாக்குகிறார். கேட்டுச் செய்பவர் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞர். நம்மைப்போல் அவரும் ஊர் விட்டு வந்தவரே. சொல் மூன்று வாய் மாறும்போது அரையடி வேறுபாடு வந்துவிடுவது இயல்பு. கோடு மொழி மாறுவதில்லை.

நீர் வரும் வழி

கடையில் மழைபோல் பொழியும் பெரிய தூவல்குழாயைக் கண்டு மயங்காதவர் இல்லை. வாங்கும் முன் நம் மொட்டைமாடித் தொட்டியை அண்ணாந்து பாருங்கள். தொட்டியின் நீர்மட்டம் தூவலுக்கு மேல் பத்தடி உயரத்தில் இருந்தால், அழுத்தம் மூன்று மீட்டர் நீருக்கு உரியதுதான். இத்தகைய பெருந்தூவல்களில் பலவும் அதைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தை எதிர்பார்ப்பவை. அழுத்தம் போதாதபோது, மழை பொழியாது, சொட்டும். அழுத்தம் கூட்டும் மோட்டாரைத் தனியே வைக்கலாம். ஆனால் அதன் செலவையும் இரைச்சலையும் முன்பே கணக்கில் சேருங்கள். இல்லையேல் குறைந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட சிறிய தூவலே போதும். அதனருகே ஒரு வாளிக் குழாயையும் தவறாமல் வையுங்கள். குழாய்நீர் நிற்கும் நாட்களில் வாளியும் சொம்புமே கை கொடுக்கும்.

பழைய கழிப்புத் தொட்டி ஒரு முறைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். இரண்டு பொத்தான்கள் உள்ள இக்காலத் தொட்டி சிறிய தேவைக்கு 3 லிட்டரும் பெரிய தேவைக்கு 6 லிட்டருமே செலவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் இந்த மாற்றம் ஒன்றே நாளொன்றுக்குப் பல வாளி நீரை மிச்சப்படுத்தும்.

பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறிக் குறுகியிருக்கும். சுவரைத் திறந்த பிறகு அவற்றை அப்படியே விட்டு மூடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுவதற்கு ஒப்பாகும். வெந்நீர்க் குழாய்க்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. வகையே வேண்டும், சாதாரண பி.வி.சி. வெந்நீரில் இளகும். அறை முழுவதற்கும் ஓர் அடைப்பு வால்வை, கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு குழாய் பழுதானால் வீடு முழுவதற்கும் நீரை நிறுத்தவேண்டிய தொல்லை இராது.

இரண்டாம் கேள்வி: நீர் எங்கே போகிறது?

குளியலறையின் உயிர்நிலை அதன் தரை. தரையின் உயிர்நிலை அதன் வாட்டம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை வடிகாலை நோக்கித் தாழவேண்டும். இதைவிடக் குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் முதியவர் கால் தடுமாறும். வடிகால், குளிக்கும் இடத்தின் கோடியில் இருக்கவேண்டும். நடக்கும் வழியில் அன்று. டைல்ஸ் பதித்த அன்றே ஒரு வாளி நீரை வாசலருகே ஊற்றிப் பாருங்கள். அது தயங்காமல் வடிகாலுக்குச் சென்றால் மேஸ்திரிக்கு நன்றி சொல்லுங்கள். இடையில் குளம் கட்டினால், சாந்து இறுகும் முன்னரே எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். பிறகு சொன்னால் அது சண்டையாகும்.

டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இணைப்புகளின் வழியே நீர் இறங்கிக்கொண்டேயிருக்கும். அதைத் தடுப்பது டைல்ஸுக்குக் கீழே பூசும் நீர்க்காப்புப் பூச்சு. அது தரை முழுவதும் பரவி, சுவரில் ஓரடி உயரமும், குளிக்கும் இடத்துச் சுவரில் ஆறடி உயரமும் ஏறவேண்டும். குழாய்கள் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களே பலவீனமான இடங்கள். பூச்சு உலர்ந்தபின் வடிகாலை அடைத்து, இரண்டங்குலம் நீர் நிறுத்தி, மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, 48 மணி நேரம் விட்டுவையுங்கள். மட்டம் சிறிது குறைவது ஆவியானதால் இருக்கலாம். நன்றாக இறங்கினாலும், கீழ்த்தளத்தில் ஈரம் தெரிந்தாலும், மேலே போகாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இச்சோதனைக்கு முன் கீழ்வீட்டாரிடம் சொல்லி, அவர் வீட்டுக் கூரையைத் தாமே சென்று பார்க்கவேண்டும். இரண்டு நாள் காத்திருப்பது, பல ஆண்டுப் பகையைத் தவிர்க்கும்.

தரை வடிகாலின் கீழே வளைந்த பொறி ஒன்று உண்டு. அதில் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் எப்போதும் நின்று, சாக்கடை வாடையை மேலே வரவொட்டாமல் தடுக்கும். கோடை விடுமுறையில் நாம் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீடு நாறுவதற்குக் காரணம், அந்த நீர் வற்றிவிடுவதே. புறப்படும் நாளில் வடிகாலில் ஒரு வாளி நீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டால் நீர் வற்றுவது தாமதப்படும். திரும்பியதும் முதல் வேலையாக நீர் ஊற்றுங்கள்.

நிற்க. அறையை விட்டு வெளியேறிய நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். இந்நகரில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் 1940-களிலிருந்தே உண்டு. 2013-இல் முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் செயற்படத் தொடங்கிற்று. ஆனால் நகரின் எல்லா வீதிகளுக்கும் குழாய் செல்லவில்லை. பல வீடுகளுக்கு இன்றும் செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியுமே கதி. இத்தகைய குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி இருக்கவேண்டுமென்பது கேரளக் கட்டட விதி. சிறிய மனைகளில் நம் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து பார்ப்பது நம் கடமை. கழிப்பறையை இடம் மாற்ற நினைப்பவர்கள் இதை முதலில் அளக்கட்டும்.

இங்கே நாம் மறந்துவிடலாகாத ஒரு வரலாறும் உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய 'தோட்டியின் மகன்' என்னும் மலையாள நாவல், ஆலப்புழை நகரில் மலம் அள்ளி வாழ்ந்த குடும்பத்தைப் பற்றியது. அதன் மாந்தர்களின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து. ஆம், நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தாம். அந்நாவலைத் தமிழாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. புலம்பெயர்ந்தோர் வரலாறு என்றால் அரசு அலுவலரும் வணிகரும் மட்டுமல்லர். அவர்களும் அதில் உண்டு. கையால் மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டின் சட்டம், தகுந்த பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் தொட்டிக்குள்ளும் மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. இதே நகரத்தைச் சேர்ந்த ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள், சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் எந்திரத்தைச் செய்து, பெருச்சாளியின் பெயரான பாண்டிகூட் என்பதையே அதற்குச் சூட்டினார்கள். 2018-இல் அது இந்நகரிலேயே பணியில் இறங்கிற்று.

நம் வீட்டுத் திட்டத்தில் இதற்கு என்ன பொருள்? செப்டிக் தொட்டியின் மூடியை டைல்ஸ் போட்டு மறைக்காதீர்கள். உறிஞ்சு லாரியின் குழாய் எட்டும்படி அதற்கு வழி விடுங்கள். கழிவுக் குழாய் திரும்பும் இடந்தோறும் திறந்து பார்க்கத்தக்க சேம்பர் ஒன்று அமையுங்கள். அடைப்பு நேர்ந்தால் கோல் விட்டு எடுக்கலாம். ஒருவர் உள்ளே இறங்கவேண்டி வராது. குளிக்கும் முதியவரை நாம் அறிவோம். குழியைத் திறக்க வருபவரை நாம் அறியோம். நல்ல திட்டம் இருவரையும் நினைக்கும்.

காற்றும் வெளிச்சமும் மின்சாரமும்

இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதியில் தொடங்கினால் துலாவர்ஷம் முடியும் வரை சுவர் உலர்வது அரிது. காற்றில்லாத குளியலறையில் கருமையான பூஞ்சணம் படர்வதற்கு இதுவே காரணம். வெளிச்சுவரில் சன்னல் இருந்தால் அதை அடைக்காதீர்கள். அக்கிரகார வீடுகளில் பக்கச்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. அங்கே கூரை வழியே ஒளியும் காற்றும் வரும்படி செய்யலாம். காற்று வெளியேற்றும் விசிறியைச் சுவரின் மேற்பகுதியில் வைத்தால் மட்டும் போதாது. கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த விசிறியும் வெளியே தள்ளாது. இரவில் எரிய ஒரு சிறு விளக்கு வேண்டும். முதியவர்கள் ஸ்விட்சைத் தேடும் நேரமே ஆபத்தான நேரம்.

15 லிட்டர் வெந்நீர்க் கலத்துக்குப் பெரும்பாலும் 2,000 வாட் மின்சாரம் வேண்டும். அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். அதற்கெனத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் இணைப்பும் சரியான நில இணைப்பும் வேண்டும். ஸ்விட்சு நீர் தெறிக்காத இடத்தில், முடிந்தால் அறைக்கு வெளியிலேயே இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டின் மின்பலகையில் இல்லையென்றால், டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்தாவது முதலில் அதை வையுங்கள். எரிவாயுவால் நீர் சுட வைக்கும் கருவியை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது தூக்கம்போல் வந்து உயிரைக் கொண்டுபோகும். முதியவரும் குழந்தைகளும் வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் விடும் பழக்கத்தைக் கைக்கொள்ளவேண்டும்.

செலவும் வரிசையும்

பணம் போதாதபோது எதைக் குறைப்பது? கண்ணுக்குத் தெரிவதைக் குறையுங்கள்; மறைந்திருப்பதைக் குறைக்காதீர்கள். சுவரில் கூரை வரை டைல்ஸ் வேண்டியதில்லை. குளிக்கும் இடத்தில் ஆறடியும் மற்ற இடத்தில் நாலடியும் போதும். பீங்கான் பொருள்களில் எளிய வெள்ளை நிறமே மலிவு. பிற்காலத்தில் ஒன்று உடைந்தாலும் அதே நிறம் கிடைக்கும். ஆனால் நீர்க்காப்பு, குழாய், வால்வு, மின்கம்பி, கைப்பிடி ஆகிய ஐந்திலும் சிக்கனம் வேண்டாம். அழகிய குழாயைப் பத்தாண்டுக்குப் பின்னும் மாற்றலாம். சுவருக்குள் போனதை மாற்றச் சுவரையே உடைக்கவேண்டும்.

வேலையின் வரிசை இது: இடிப்பு, கழிவுக் குழாய், நீர்க் குழாய், மின்கம்பி, பூச்சு, நீர்க்காப்பு, நீர் நிறுத்திச் சோதனை, டைல்ஸ், பிறகு பீங்கானும் குழாயும் விளக்கும். சுவரை மூடும் முன் குழாய்களும் கம்பிகளும் செல்லும் வழியைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் ஓர் ஆணி அடிக்கும்போது அப்படத்தின் அருமை தெரியும். டைல்ஸில் ஒரு பெட்டியும் மிகுதியாக வாங்கி வையுங்கள்.

வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால், மழைக்காலத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். மூன்று வாரமாவது ஆகும் என்று எண்ணிக்கொண்டு, மாற்று ஏற்பாட்டை முன்னரே செய்யுங்கள். அடுத்த வீட்டாரிடம் இரண்டு நாள் உதவி கேட்கலாம். இருபது நாள் கேட்கலாகாது.

வாடகை வீட்டில் இருப்போர், "எங்களுக்கு இதெல்லாம் ஏது?" என்று நினைக்கவேண்டாம். வீட்டுக்காரரின் அனுமதியோடு இரண்டு கைப்பிடிக் கம்பிகள், அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ள ரப்பர் விரிப்பு, வழுக்காத கால்களுள்ள குளியல் முக்காலி, இரவு விளக்கு ஆகிய நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அமைத்துவிடலாம். தரையைத் துலக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். எழும் குளோரின் வாயு, சன்னலில்லாத அறையில் மூச்சையே அடைத்துவிடும்.

எங்கள் வீட்டு அறையும் இம்முறையில் மாற்றப்பட்டது. தரை மங்கலாக இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பாராட்டுவதில்லை. கைப்பிடிக் கம்பியைக் கண்டதும் என் தாயார், "நான் என்ன நோயாளியா?" என்று கோபித்துக்கொண்டார். இப்போது தம் துண்டை அதன் மேல்தான் போடுகிறார். துண்டு கிடக்கட்டும், கை போகும்போது கம்பி அங்கே இருக்கிறது.

அடுத்த மாதம் சமையலறையைப் பார்ப்போம்.